அப்பா உயிரோடுதான் இருக்கிறார்!

என் அப்பாவுக்கு வயது 76. ஹாலில் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டு, காபி ஆறிவிட்டது என்று அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டு, நன்றாகவே உயிரோடு இருக்கிறார். ஆனால் இது எங்களுக்குத் தெரிந்தால் போதாதாம். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து 2009-ல் ரிடையர் ஆனவர் ஆயிற்றே! வருஷா வருஷம் நவம்பரில் ‘நான் இருக்கிறேன்’ என்று அவரே நிரூபிக்க வேண்டும். ‘லைஃப் சர்டிஃபிகேட்’ கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். (80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம்.)

நவம்பர் வந்தால் அப்பா மாப்பிள்ளை மாதிரி ஆகிவிடுவார். முந்தின நாளே சட்டை இஸ்திரி. மஞ்சள் பையில் பாஸ்புக், பி.பி.ஓ., ஆதார் ஜெராக்ஸ். பேனா இரண்டு. ஒன்று அவருக்கு. எழுதாத இன்னொன்று, கடன் கேட்பவர்களுக்கு!

2024-ல் ஒரு சோதனை. பேங்க்கில் கைரேகை மெஷின் அப்பாவின் விரலை ஏற்கவில்லை. வயதானால் ரேகை தேய்ந்துவிடுமாம். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்து மூன்று மணி நேரம். “முப்பத்தஞ்சு வருஷம் ஃபைல் புரட்டின கை சார், தேயாம என்ன செய்யும்?” என்று சிரித்தாராம்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. இப்போதெல்லாம் தபால்காரர் வீட்டுக்கே வந்து முடித்துத் தருகிறார். 2021-லிருந்து செல்போனில் முகத்தைக் காட்டினாலே போதும் என்ற வசதியும் உண்டு. 2025 நவம்பரில் போனை நீட்டினேன்.

“கண்ணைச் சிமிட்டுங்கப்பா.”

சிமிட்டினார். முடிந்தது! மூன்றே நிமிஷம். என் பி.காம். மூளை உடனே லாபக் கணக்குப் போட்டது. ஆட்டோ காசு மிச்சம், அரை நாள் மிச்சம்.

“அவ்வளவுதானாடா?” என்றார் அப்பா. இஸ்திரிச் சட்டையை மடித்து பீரோவில் வைத்துவிட்டார்.

நான்கு நாள் கழித்து வீட்டு போன் அடித்தது. அப்பாவோடு வேலை பார்த்த நண்பர்.

“தம்பி... வீட்டுல எல்லாரும் சௌக்கியம்தானே?” ரொம்பத் தயங்கினார். “நாலு நாளா பேங்க்ல பாக்கறேன். அப்பாவைக் காணோம். அதான்...”

“நல்லா இருக்கார் சார். அவர் செல்லுக்கே அடிச்சிருக்கலாமே?”

“அடிக்கலாம்தான் தம்பி. எடுக்கலைன்னா?”

எனக்கு வாயடைத்துப் போயிற்று.

அப்புறம்தான் புரிந்தது. பேங்க் பெஞ்சில் அவர்கள் வருஷா வருஷம் பார்த்துக்கொள்வது டோக்கன் நம்பரை இல்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை. கம்ப்யூட்டர் கணக்கில் அப்பா இருந்தார். பெஞ்ச் கணக்கில் இல்லை!

கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஈ.பி. பில் நான் போனில் கட்டுகிறேன். மாத்திரை வாசலுக்கு வருகிறது. கத்தரிக்காய்கூட பத்து நிமிஷத்தில் வந்து காலிங் பெல் அடிக்கிறது. ‘அப்பாவுக்கு அலைச்சல் மிச்சம்’ என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மனுஷரை ஈஸிசேரில் உட்கார வைத்துவிட்டேன். ஈ.பி. ஆபீஸ் போகிற வழியில் பூக்காரம்மாவிடம் விசாரிப்பு, அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு பஜ்ஜி... எல்லாம் கட்! உங்கள் வீட்டில் எப்படி சார்?

மறுநாள் காலை ஸ்கூட்டரை எடுத்தேன். “பேங்க் வரைக்கும் போலாம், வாங்கப்பா.”

“என்னத்துக்குடா? அதான் குடுத்தாச்சே?” என்று கேட்கும்போதே ஒரு கை சட்டைக்குள் போயிருந்தது.

பத்து நிமிஷத்தில் திரும்பலாம் என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆபீஸில் அரை நாள் லீவு. வரும்போது அப்பாவிடம் பஜ்ஜி வாசனை. நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

ராத்திரி ஈ.பி. கார்டை எடுத்து நீட்டினேன். “இனிமே நீங்களே கட்டிடுங்கப்பா.”

“க்யூவுல நிக்கணுமேடா, கால் வலிக்கும்” என்று அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டே கார்டை வாங்கி மஞ்சள் பையில் வைத்தார். கூடவே, இரண்டு பேனா.