படகின் மூக்கில் துரு... உப்புக் காற்றும் ஒரு போல்ட்டும் சொல்லும் பாடம்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போகிறவர்கள் மரக்காணத்தைத் தாண்டும்போது வண்டியின் வேகத்தைக் குறைக்காமல் இருக்க மாட்டார்கள். சாலையோரம் பாத்தி பாத்தியாக உப்பளங்கள், வெயிலில் மின்னும் வெள்ளைக் குவியல்கள். செல்ஃபி எடுக்க அழகான இடம்தான். ஆனால், இந்தக் காற்றில் வாழும் இரும்பைக் கேட்டால் வேறு கதை சொல்லும். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேட் கீல் என எதுவும் தப்பாது. கடலுக்குள்ளேயே போய்வரும் படகைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

படகின் முன்பகுதியை அணியம் என்பார்கள். அலையை முதலில் வாங்குவது அதுதான். நங்கூரக் கயிறு பிடித்து இழுப்பதும் அங்கேதான். பாய்மரப் படகாக இருந்தால் இன்னொரு பெரிய பொறுப்பும் உண்டு. மரத்தின் உச்சியிலிருந்து முன்பக்கம் இறங்கும் கம்பிவடம், அணியத்தில் உள்ள ஓர் உலோகப் பட்டையில்தான் பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பட்டை விட்டுக்கொடுத்தால் பாய்மரமே சாய்ந்துவிடும். நடுக்கடலில் அது உயிர்ப் பிரச்னை.

துருப்பிடிக்காத இரும்பும் துருப்பிடிக்கும்!

'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே, என்ன ஆகப்போகிறது?' என்று நினைப்போம். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்ஸைடு படலம் ஒன்று இருக்கிறது. காற்றில் உள்ள ஆக்ஸிஜன் பட்டுக்கொண்டே இருக்கும் வரை அந்தப் படலம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். போல்ட்டின் நடுப்பகுதியோ படகின் தளத்துக்குள் புதைந்து கிடக்கிறது. அங்கே உப்புத் தண்ணீர் கசிந்து தேங்கும், காற்று போகாது. படலம் உடைந்து, அரிப்பு உள்ளுக்குள் வேலையைத் தொடங்கிவிடும். வெளியே தலை பளபளவென்று இருக்கும், உள்ளே கழுத்து பென்சில் முனையாக இளைத்திருக்கும்.

அதனால் பழைய படகில் பழுப்பு நிறக் கோடு இறங்கியிருந்தால், அதைத் துடைத்துவிட்டுப் போகக் கூடாது. உள்ளே ஏதோ நடக்கிறது என்பதற்கான அறிகுறி அது.

எப்படிச் சரிசெய்கிறார்கள்?

* முதலில் பாய்மரத்துக்குத் துணை. பாயை ஏற்றும் கயிற்றை முன்பக்கம் உறுதியான ஓர் இடத்தில் இழுத்துக் கட்டிவிட்டுத்தான் கம்பிவடத்தைக் கழற்ற வேண்டும். இதை மறந்தால் மரம் தலையில் விழும்.

* போல்ட்டுகளை முழுசாக வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். பட்டையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், சாய மருந்து தடவிப் பார்க்கும் சோதனை உண்டு. விரிசலில் சாயம் இறங்கி, கோடு காட்டிக்கொடுக்கும்.

* அடுத்தது துளை. தளத்தின் உள்ளே மரப்பலகை இருக்கும் படகுகளில், கசிந்த நீர் பலகையை உளுக்கச் செய்திருக்கும். தட்டினால் மந்தமான சத்தம் வரும். உளுத்ததைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவைத்து, எபாக்சி ஊற்றி அடைத்து, அது இறுகியபின் புதிதாகத் துளையிடுவார்கள். அப்புறம் தண்ணீர் மரத்தைத் தொட வழியே இல்லை.

* புதிய பட்டையும் போல்ட்டும் 316 ரகமாக இருப்பது நல்லது. சமையல் பாத்திரங்களில் பரவலாக இருக்கும் 304 ரகத்தைவிட, மாலிப்டினம் சேர்ந்த இந்த ரகம் உப்பை அதிகம் தாங்கும். அடியில் அகலமான தாங்கு தகடு, சுற்றிலும் புதிய சீலன்ட் அவசியம். ஒரு போல்ட்டில் அரிப்பு தெரிந்தால் எல்லாவற்றையுமே மாற்றிவிடுவார்கள்.

நம் கரையில் அதிகம் நிற்கும் ஃபைபர் படகுகளுக்கும் இதே கதைதான். 2004 சுனாமிக்குப் பிறகு இங்கே அவை பெருகின. மணலில் மோதி முனை வெடித்தால், மேலே பசை பூசி மறைப்பது வைத்தியம் ஆகாது. வெடித்த இடத்தைத் தேய்த்தெடுத்து, ஈரம் முழுக்கப் போனபிறகே ஃபைபர் விரிப்பும் ரெசினும் அடுக்கடுக்காக ஏற வேண்டும்.

உலகைச் சுற்றியவர்கள்

முன்னாள் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் அனுபவத்தைப் பாருங்கள். 2018-ல் கோல்டன் குளோப் போட்டியில், தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் அவருடைய பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்டு, அசைய முடியாமல் கிடந்தவரை மூன்று நாள் கழித்துத்தான் மீட்டார்கள். 2022-ல் அதே போட்டிக்குத் திரும்பினார். 1988-க்கு முன் வடிவமைக்கப்பட்ட சிறிய படகுகளுக்கான போட்டி அது. தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, அவருடைய 36 அடி படகு 'பயானத்' ஒரு கப்பலோடு மோதிச் சேதமானது. பழுதுபார்த்துக் கிளம்பியவர், 2023 ஏப்ரல் 29-ல் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார்.

மரக்காணத்துக்குப் பக்கத்திலிருக்கும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும், சக அதிகாரி தில்னாவும் 'தாரிணி' பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். நடுக்கடலில் மெக்கானிக் கிடையாது. உடைவதைச் சரிசெய்யும் கையும் அவர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

அவிழ்த்துப் பார்த்த தாத்தாக்கள்

உலகமே 'கேட்டமரன்' என்று சொல்லும் சொல், நம் கட்டுமரம்தான். அதில் ஆணியும் இல்லை, போல்ட்டும் இல்லை. மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவார்கள். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும் என்பதற்காகச் செய்தது அது. ஆனால், அதிலேயே ஒரு பரிசோதனையும் முடிந்துவிடும். நைந்த கயிறு கையில் தட்டுப்படும், மறுநாள் கட்டும்போது புதுக் கயிறு வந்துவிடும்.

போல்ட்டை நாம் தினமும் கழற்ற முடியாது. ஆனால், வருடத்துக்கு ஒருமுறையாவது, மழைக்காலம் வந்து கடல் முரடாகும் முன் ஒன்றிரண்டைக் கழற்றிப் பார்க்கலாம். உப்பளக் கரையில் படகு வைத்திருப்பவருக்கு மட்டுமல்ல, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை இரும்புச் சட்டத்தில் நிறுத்தியிருக்கும் நமக்கும் இது பொருந்தும்.