கழற்ற முடியாத மின்கலம்

பள்ளி ஓய்வு நேரத்தில் உணவகத்தில் நண்பர்கள் கூடினால், திறன்பேசியைப் பற்றிய பேச்சு எழாமல் இருப்பதில்லை. எந்தப் படக்கருவி சிறந்தது, எந்தத் திரை தெளிவானது என்று தொடங்கும் விவாதம், “காலையில் நூறு விழுக்காடு இருந்தது, மதியத்திற்குள் தீர்ந்துவிட்டது” என்னும் குறையில் வந்து முடிவதும் உண்டு. உடனே ஒருவர், “பழையதாகிவிட்டது, புதிது வாங்கிவிடு” என்பார். மற்றொருவர், “மின்கலத்தை மட்டும் மாற்றினால் போதும்” என்பார். இவ்விருவரில் யார் சொல்வது சரி? விடை காண, முதலில் மின்கலம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய வேண்டும்.

இன்றைய திறன்பேசிகளில் பெரும்பாலும் லித்தியம் அயனி மின்கலமே பயன்படுகிறது. இவ்வகை மின்கலம் 1991ஆம் ஆண்டில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இதன் உருவாக்கத்திற்கு அடித்தளமிட்ட ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

மின்கலத்திற்குள் நேர்முனை, எதிர்முனை என இரு முனைகள் உள்ளன. மின்னூட்டம் செய்யும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குச் செல்கின்றன. திறன்பேசியைப் பயன்படுத்தும்போது அவை மீண்டும் நேர்முனைக்குத் திரும்புகின்றன. இவ்வாறு போய்வரும்போதெல்லாம் மிகச் சிறிய அளவு லித்தியம் வேறு வேதிவினைகளில் சிக்கி, பயனற்றுப் போகிறது. அதனால், மின்கலம் தேக்கிவைக்கும் ஆற்றல் மெல்ல மெல்லக் குறைகிறது. எனவே, மின்கலம் தேய்வது பழுதன்று, அதன் இயல்பு. வெயிலில் நிற்கும் காருக்குள் திறன்பேசியை விட்டுச் செல்வது போன்ற செயல்கள் அத்தேய்வை விரைவுபடுத்துகின்றன.

முற்காலக் கைப்பேசிகளில் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்து, புதிய மின்கலத்தைப் பொருத்த முடிந்தது. 2007இல் வெளிவந்த முதல் ஐபோனில் மின்கலம் உள்ளேயே பொருத்தி மூடப்பட்டிருந்தது. 2015இல் வெளிவந்த சாம்சுங் கேலக்சி எஸ்6 திறன்பேசியும் அவ்வழியைப் பின்பற்றியது. இன்று பெரும்பாலான திறன்பேசிகள் அவ்வாறே செய்யப்படுகின்றன.

இம்மாற்றம் நல்லதா என்பதில் திறன்பேசி ஆர்வலர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மூடிய அமைப்பினால் திறன்பேசியை மெல்லியதாகவும் உறுதியாகவும் செய்யலாம். தண்ணீரும் தூசியும் உள்ளே புகாமல் எளிதாகத் தடுக்கலாம் என்பது ஒரு சாராரின் வாதம். மறு சாராரோ, 2014இல் வெளிவந்த கேலக்சி எஸ்5 திறன்பேசியைச் சான்றாகக் காட்டுகின்றனர். அதன் பின்மூடியைக் கழற்றலாம். ஆயினும், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் தரத்தை அது பெற்றிருந்தது. எனினும், மூடி சரியாக மூடப்பட்டிருந்தால்தான் அப்பாதுகாப்புக் கிட்டும். ஆக, இரு அமைப்புகளிலும் நன்மையும் உண்டு, குறையும் உண்டு.

மின்கலத்தை மாற்றுவது உண்மையிலேயே பயன் தருமா? 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. மின்கலம் தேய்ந்த பழைய ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாமல் இருக்க, மென்பொருள் அவற்றின் வேகத்தைக் குறைத்து வந்தது. இது பலருக்குத் தெரியாது. மக்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து, மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 அமெரிக்க டாலரிலிருந்து 29 டாலராக அந்நிறுவனம் குறைத்தது. பலர் அச்சலுகையைப் பயன்படுத்திக்கொண்டனர். புதிய ஐபோன் வாங்குவோர் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று 2019 ஜனவரியில் அந்நிறுவனமே தெரிவித்தது. பழைய திறன்பேசியே இன்னும் சில காலம் உழைக்கும் என்பதைப் பலர் அப்போது உணர்ந்தனர்.

இவ்விவாதம் பணத்தோடு முடிவதில்லை. 2022இல் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் கால் பங்கிற்கும் குறைவான பகுதியே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுபயனீடு செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. சிங்கப்பூரிலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவு உருவாகிறது. இதனால், அரசாங்கங்களும் நடவடிக்கை எடுத்துள்ளன. சிங்கப்பூரில் 2021 ஜூலை முதல், மின்னணுப் பொருள்களைத் தயாரிப்போரும் இறக்குமதி செய்வோரும் அவற்றின் கழிவைச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் திறன்பேசிகளின் மின்கலம், 800 முறை முழுமையாக மின்னூட்டம் செய்யப்பட்ட பிறகும் குறைந்தது 80 விழுக்காட்டு ஆற்றலைத் தக்கவைத்திருக்க வேண்டும்.

அப்படியானால், நண்பர்கள் இருவரில் யார் சொல்வது சரி? அது திறன்பேசியின் நிலையைப் பொறுத்தது. பல திறன்பேசிகளின் அமைப்புப் பகுதியிலேயே மின்கலத்தின் நிலையைப் பார்க்கலாம். திரையும் மற்ற பாகங்களும் நன்றாக இருந்து, பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் தொடர்ந்து கிடைத்து வந்தால், மின்கலத்தை மட்டும் மாற்றுவதே சிக்கனம். புதுப்பிப்புகள் நின்றுவிட்டால், புதியதைப் பற்றிச் சிந்திப்பதில் தவறில்லை. எதுவாயினும், மூடிய திறன்பேசியைத் தாமாகவே திறக்க முயலக்கூடாது. மின்கலம் துளைபட்டால் தீப்பிடிக்கக்கூடும். அது உப்பியிருந்தால், உடனே பயன்பாட்டை நிறுத்திவிட்டுத் தேர்ந்த பழுதுபார்ப்பவரை நாட வேண்டும். பழைய மின்கலத்தை வீட்டுக் குப்பையில் போடாமல், அதற்குரிய சேகரிப்பு இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

கடையில் புதிய திறன்பேசியின் விலையைக் கேட்பதற்கு முன், மின்கலத்தை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. அந்த ஒரு கேள்வி, பெற்றோர் உழைத்து ஈட்டிய பணத்தையும் மிச்சப்படுத்தும். குப்பையில் சேரவிருந்த ஒரு பொருளையும் காப்பாற்றும்.