மங்கம்மா கணக்கில் எழுதிய மரங்கள்

பொருநைக் கரைப் பெண்கள் – 9

தென்காசியில் மங்கம்மாள் சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. பேச்சில் அது 'மங்கம்மா சாலை'. மதுரையிலிருந்து குமரி வரைக்கும் இந்தப் பெயரைச் சுமந்த சாலைத்துண்டுகள் ஆங்காங்கே உண்டு. 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்த பிஷப் கால்டுவெல், 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில், இந்தச் சீமையின் பழைய நிழற்சாலைகளை எல்லாம் மதுரை நாயக்க ராணி மங்கம்மாள் போட்டவை என்றே ஜனங்கள் சொல்வதாகக் குறித்து வைத்தார். ராணி மறைந்து அப்போது ஏறக்குறைய 175 வருஷம் ஆகியிருந்தது. நடுவில் நவாபு வந்து, கும்பினி வந்து, மகாராணியின் ஆட்சியும் வந்துவிட்டது. ஆனாலும் நிழலுக்குப் பேர் மாறவில்லை.

எல்லாச் சாலையும் அவர் போட்டதாக இருக்க முடியாது. கொற்கைக்கும் கோட்டாற்றுக்கும் பாண்டியர் காலத்திலேயே வழி இருந்தது. இருந்த வழியைச் செப்பனிட்டது, ஓரத்தில் மரம் நட்டது, கிணறு வெட்டியது, சத்திரம் கட்டியது என்று அவர் செய்தவை பல. அவருக்கு முன்னும் பின்னும் பெயர் தெரியாத யார் யாரோ செய்தவையும் இருக்கும். ஜனங்கள் அத்தனையையும் சேர்த்து ஒரே கணக்கில் எழுதிவிட்டார்கள். விசுவநாத நாயக்கர் தொடங்கி இருநூறு வருஷம் இந்தத் தாமிரபரணி ஆற்றங்கரையை ஆண்ட பரம்பரையில், அந்தக் கணக்கு ஏன் ஒரு பெண்ணின் பேரில் திறக்கப்பட்டது என்பதுதான் யோசிக்க வேண்டியது.

மங்கம்மாள் சொக்கநாத நாயக்கரின் மனைவி. சொக்கநாதர் தலைநகரை மதுரையிலிருந்து திருச்சிக்கு மாற்றியவர், மைசூரிடமும் மராத்தியரிடமும் தோற்று ராஜ்ஜியத்தின் பெரும்பகுதியை விட்டவர். 1682-இல் அவர் இறந்தபோது மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பனுக்கு வயது பதினைந்து போல. மங்கம்மாள் சிதை ஏறவில்லை. பிள்ளையை வளர்த்து ஆளாக்க வேண்டும் என்று நின்றுவிட்டார். இன்று இதை ஒரு வரியில் கடந்துவிடலாம். அந்தக் காலத்தில் முடியாது. 1710-இல் ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி இறந்தபோது அவரோடு 47 பெண்கள் தீயில் இறங்கியதை அக்காலத்து ஜெசூயிட் பாதிரியார் ஒருவரின் கடிதம் சொல்கிறது. அப்படிப்பட்ட காலத்தில் பட்டத்து ராணி உயிரோடு இருப்பதே ஊர் வாய்க்கு அவல்.

மகன் சூட்டிகையான இளைஞன். ஏழு வருஷத்தில், 1689-இல், பெரியம்மை அவனைக் கொண்டுபோனது. அவன் மனைவி முத்தம்மாள் அப்போது கர்ப்பிணி. தானும் உடன்கட்டை ஏறுவேன் என்று அவள் பிடிவாதமாக நிற்க, மாமியார் கெஞ்சித் தடுத்தார். வயிற்றில் இருப்பது வாரிசு. அரண்மனைக்கு அது போதுமான காரணம். ஆனால் கணவன் இறந்தபோது தான் எடுத்த முடிவையே மருமகளுக்கும் கேட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. பிள்ளை பிறந்தது, ஆண். முத்தம்மாள் சொன்ன சொல்லை மறக்கவில்லை. பிரசவமான சில நாளில் பச்சை உடம்போடு பன்னீரை அளவில்லாமல் குடித்து உயிரை விட்டாள் என்பார்கள். மாமியாரால் தீயைத்தான் தடுக்க முடிந்தது.

இந்தத் தொடரில் முன்பு பார்த்த பாளையங்கோட்டைக் கிளாரிந்தாவைக் கணவனின் சிதை நெருப்பிலிருந்து மீட்டது ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் அதிகாரி என்று சொல்லப்படுகிறது. அதற்கு எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் இந்த அரண்மனைக்குள்ளேயே ஒரு பெண் தன்னை மீட்டுக்கொண்டாள், இன்னொருத்தியை மீட்கப் பார்த்துத் தோற்றாள். திரும்பத் திரும்பச் சொல்லப்பட வேண்டிய கதை இது.

மூன்று மாதக் குழந்தை விஜயரங்க சொக்கநாதனுக்குப் பட்டம் கட்டி, மங்கம்மாள் காப்பாட்சியராக உட்கார்ந்தார். பதினேழு வருஷம். குனிய வேண்டிய இடத்தில் குனிந்தார்: 1693-இல் செஞ்சியை முற்றுகையிட்டிருந்த ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கானுக்குக் கப்பம் அனுப்பி ராஜ்ஜியத்தைக் காத்தார். நிமிர வேண்டிய இடத்தில் நிமிர்ந்தார்: கல்குளத்தில் மதுரைப் படையை ஏமாற்றி வெட்டிய திருவிதாங்கூரின் மேல் 1697-இல் தளவாய் நரசப்பையரை அனுப்பிப் பாக்கிக் கப்பத்தோடு பீரங்கிகளையும் வாங்கிவந்தார். பிறகு தஞ்சாவூரோடு சண்டை, மைசூர்க்காரன் காவிரியை மறித்தபோது அதே தஞ்சாவூரோடு சமாதானம். 1702-இல் சேதுபதியோடு மோதியதில் தோல்வி, நரசப்பையரும் அதில் மாண்டார். படையெடுப்பு வரலாறு இவ்வளவு போதும்.

திருவிதாங்கூர்ப் படையெடுப்பு மட்டும் நமக்கு வேண்டும். ஏனென்றால் நாஞ்சில் நாட்டுக்குள் நுழைய ஆரல்வாய்மொழிக் கணவாய்தான் வாசல். அதற்கு இந்தப் பக்கம் பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி, திருநெல்வேலி. நிழல் மரம் நட்ட அதே தடத்தில்தான் பீரங்கி வண்டியும் உருளும். ராஜாங்கத்துக்குச் சாலை என்பது முதலில் படைக்கும் வரிக்கும்தான். தாமிரபரணிக் கரை கார், பிசானம் என்று இரண்டு போகம் விளையும் பூமி. திருச்சி கஜானாவுக்கு அது எவ்வளவு பெரிய வரவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, இதைக் கருணை மட்டும் என்று நான் எழுதப்போவதில்லை.

ஆனால் படைக்கு நிழல் வேண்டாம். வரி மூட்டைக்குச் சத்திரத்துச் சோறு வேண்டாம். அவை வேண்டியது செந்தூருக்கும் குமரிக்கும் கால்நடையாகப் போனவனுக்கும், கடற்கரையிலிருந்து உப்பு ஏற்றிப் போன வண்டிக்காரனுக்கும், தலைச்சுமையோடு நடந்த பெண்ணுக்கும்தான். சித்திரை வெயிலில் கயத்தாறிலிருந்து திருநெல்வேலிக்கு நடந்து பார்த்தவருக்கு இந்த வித்தியாசம் தெரியும். கரிசலில் ஒதுங்க இடம் இருக்காது. நான்குவழிச் சாலை வந்தபின் இப்போதும் அதே நிலைதான், பஸ்ஸுக்குள் இருப்பதால் நமக்கு உறைப்பதில்லை. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் இருக்கும் மங்கம்மாள் சத்திரத்தைப் பார்த்தால், வழிப்போக்கனுக்கு என்று அவர் எவ்வளவு பெரிதாக யோசித்திருக்கிறார் என்பது விளங்கும்.

வேற்று மதத்தாரிடமும் இதே மனசு. சேதுபதி சிறையில் அடைத்த மெல்லோ என்ற கிறிஸ்தவப் பாதிரியாரை விடச் சொல்லி விடுவித்தார். இது சேதுபதியின் சீமையில் இன்னொரு பாதிரியார் அருளானந்தரை ஓரியூரில் வெட்டிக் கொன்ற காலம், 1693. 1701-இல் திருச்சி நத்தர்வலி தர்காவுக்கு மானியம் விட்டார். சுல்பிகர் கானைச் சமாளித்து எட்டு வருஷம் ஆகிவிட்டது, அதைப் பயந்து கொடுத்தது என்று சொல்ல முடியாது.

இப்போது அந்த வெற்றிலைக் கதைக்கு வருகிறேன். ராணி ஒருநாள் ஏதோ நினைவில் இடது கையால் வெற்றிலை போட்டுவிட்டாராம். அந்தப் பாவம் தீரத்தான் சாலையும் சத்திரமும் கட்டினாராம். பள்ளிக்கூடத்தில் கேட்ட நாளிலிருந்தே எனக்கு இந்தக் கதைமேல் எரிச்சல். திருமலை நாயக்கர் மஹால் கட்டினார், எந்தக் கையால் வெற்றிலை போட்டார் என்று யாரும் கேட்டதில்லை. ஆண் கட்டினால் கீர்த்தி, பெண் கட்டினால் பிராயச்சித்தம்! அவரை அமைச்சர் ஒருவரோடு சேர்த்துப் பேசிய வம்பும் இதே ரகம். தனியாக ஆண்ட பெண்ணுக்குப் பின்னால் ஒரு ஆணைத் தேடாமல் ஊருக்குத் தூக்கம் வராது போலும்.

முடிவைப் பற்றியும் ஒரு செவிவழிக் கதை உண்டு. பேரன் பெரியவனானதும் அதிகாரத்தை விடவில்லை என்று பாட்டியைச் சிறைவைத்தார்களாம். பட்டினி போட்டு, கண்ணுக்கு எட்டும் தூரத்தில், கைக்கு எட்டாமல் சோற்றை வைத்தார்களாம். மதுரையில் பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தைக் காட்டி இங்கேதான் என்பார்கள். நடந்ததோ இல்லையோ, கதை கட்டியவனுக்கு ராணியைத் தெரிந்திருக்கிறது. ஊருக்குச் சோறு போட்டவளைச் சோற்றால்தான் வதைக்க முடியும் என்று கண்டுபிடித்திருக்கிறான் பாருங்கள். மற்றபடி நமக்கு நிச்சயமாகத் தெரிவது, மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டபத்து ஓவியத்தில் பாட்டியும் சின்னப் பேரனும் ஒரே காட்சியில் நிற்கிறார்கள் என்பதுதான்.

அந்தப் பேரன் 1732-இல் பிள்ளையில்லாமல் இறந்தான். அவன் மனைவி மீனாட்சியும் சிதை ஏறவில்லை, ஆட்சியை எடுத்துக்கொண்டாள். பாட்டி போட்டுக் கொடுத்த வழி. பாட்டிக்கு வாய்த்த காலம் அவளுக்கு வாய்க்கவில்லை. சத்தியம் செய்து கோட்டைக்குள் வந்த ஆற்காட்டு நவாபின் ஆள் சந்தா சாகிப் 1736-இல் அவளைக் கவிழ்த்தான், அவள் விஷம் குடித்து இறந்தாள் என்பார்கள். நாயக்கர் ராஜ்ஜியம் அத்தோடு தீர்ந்தது. தாமிரபரணிச் சீமை ஆற்காட்டு நவாபுக்குப் போனது. நவாபுக்கு வரி வசூலித்துக் கொடுக்கக் கும்பினிப் பட்டாளம் வந்து பாளையங்கோட்டைக் கோட்டையில் இறங்கியது. கிளாரிந்தாவை அழைத்துவந்த அதிகாரி அந்தப் பட்டாளத்தைச் சேர்ந்தவர்தான்.