புட்டிப் பானமும் வீட்டுப் பிள்ளைகளும்

வலங்கைமான் கடைத்தெருவிலிருந்து குளிர்பானப் புட்டியுடன் வீடு திரும்பும் சிறுவனைக் கண்டால், அவ்வீட்டிற்கு விருந்தினர் வந்துள்ளனர் என ஊகித்துவிடலாம். விருந்தினர் ஒரு குவளை அருந்துவர், எஞ்சியது பிள்ளைகளுக்கு. விருந்தோம்பலின் பெயரால் நுழைந்த இப்பழக்கம், விருந்தினர் வாராத நாளிலும் குளிர்பதனப் பெட்டியில் இடம்பிடித்துவிட்டது.

இத்தகைய பானங்கள் பலவற்றில் 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை உள்ளது. 250 மில்லி லிட்டர் புட்டியில் 25 கிராம். அதாவது ஆறு தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறை, சேர்க்கப்படும் சர்க்கரை அன்றாட ஆற்றலில் பத்து விழுக்காட்டிற்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்றும், ஐந்து விழுக்காட்டிற்குள் அடங்கின் மேலும் நன்று என்றும் கூறுகிறது. நாளொன்றுக்கு 1500 கலோரி வேண்டும் பிள்ளைக்கு அவ்வைந்து விழுக்காடு சுமார் 19 கிராமே. ஒரு புட்டி அதனைக் கடந்துவிடுகிறது. தேநீரில் ஆறு கரண்டி சர்க்கரை இடக் கண்டால் நாம் கையைத் தடுப்போம். புட்டியிலோ குளிர்ச்சியும் புளிப்பும் இனிப்பின் மிகுதியை மறைத்துவிடுகின்றன. மென்று உண்ணும் உணவுபோல் பானம் வயிறு நிறைந்த உணர்வைத் தருவதுமில்லை. பற்களுக்கு விளையும் கேட்டினைச் சொல்லவே வேண்டா.

2017 மார்ச் 1 முதல் தமிழக வணிகர் அமைப்புகள் அயல்நாட்டுக் கோலா பானங்களைப் புறக்கணித்தன. ஆற்று நீரும் உழவர் நலனும் அவர்கள் கூறிய காரணங்கள். காவிரியை நம்பி வாழும் நமக்கு அக்குரல் உவப்பாகவே இருந்தது. ஆயினும் கோலாவின் இடத்தில் உள்நாட்டுப் பானங்கள் வந்தமர்ந்தன. பெயர் மாறிற்று, சர்க்கரை மாறவில்லை. நோன்பு திறக்கையில் நாம் விரும்பிப் பருகும் நன்னாரி சர்பத்தும் இதற்கு விலக்கன்று. வேர் நல்லது என்பதால் பாகு மருந்தாகிவிடாது!

சத்துமாவுப் பானங்களும் அத்தகையனவே. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், போர்ன்விடா உள்ளிட்டவற்றை ‘ஆரோக்கிய பானம்’ என்னும் பிரிவிலிருந்து நீக்குமாறு இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது நினைவிருக்கலாம்.

பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கலாகாது என 2020ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. வீட்டினுள் விதி செய்வோர் நாமே. பெரியவர் பருகப் பிள்ளை பார்த்திருக்கும் தடை ஒரு வாரமும் நில்லாது. தேர்வில் மதிப்பெண் பெற்றதற்குப் பரிசாகப் புட்டி வாங்கித் தந்தோர் நம்முள்ளும் உளர். வாங்கி வைக்காதிருத்தலே எளிய வழி. வீட்டில் இல்லாததற்குப் பிள்ளை நெடுநேரம் அழுவதில்லை. விருந்தினர்க்கு இளநீர் வெட்டலாம். இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட நீர்மோர் தரலாம். முதல் முறை சற்றுக் கூச்சமாகவே இருக்கும். இரண்டாம் குவளையை அவர்களே கேட்பர்.