வீட்டில் கட்டப்படும் சிறு வானூர்திகளில் எரிபொருள் எக்கிக்கான மாற்று மின்வழங்கல்

பறக்கும்போது மின்வழங்கல் அற்றுப்போனால் பொறியும் நின்றுவிடுமா என்னும் வினாவுக்கு விடை பொறியின் வகையைப் பொறுத்தது. கார்புரேட்டர் பொறிகள் பலவற்றில் எரிபொருள் எக்கியைப் பொறியே இயக்கும். மின்எக்கி துணைக்கு மட்டுமே. மின்னணு முறையில் எரிபொருளைப் பீய்ச்சும் இத்தகைய சிறு பொறிகள் பலவற்றிலோ ஏறத்தாழ 3 பார் அழுத்தம் இடையறாது வேண்டும். அதனை மின்எக்கியே தருவதால், மின்சாரம் அற்ற சில நொடிகளில் பொறி அடங்கிவிடும்.

இச்சிக்கல் நமக்கு அயலானதன்று. 2021 செப்டம்பர் 3 அன்று பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த ஹன்சா-என்ஜி பயிற்சி வானூர்தி, ரோடாக்ஸ் 912 ஐஎஸ்சி பொறியால் இயங்குவது. ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமராட்சன் இங்கிலாந்தில் தம் கைப்படக் கட்டியதாக 2022இல் செய்திகளில் பேசப்பட்ட ஸ்லிங் டிஎஸ்ஐ வகைக்கு வழக்கமான பொறி, அதே குடும்பத்தைச் சேர்ந்த 915 ஐஎஸ்.

இப்பொறிகளில் இரண்டு மின்எக்கிகளும் இரண்டு மின்னாக்கிகளும் உண்டு. பறப்பின்போது முதல் மின்னாக்கி எக்கி, தீமூட்டல், கட்டுப்பாட்டகம் ஆகியவற்றுக்கும், இரண்டாவது ரேடியோ முதலிய பிற கருவிகளுக்கும் மின்சாரம் தருகின்றன. முதலாவது பழுதுற்றால் இரண்டாவது பொறிக்கு மாற்றப்படும். பிற கருவிகள் மின்கலத்தை நம்பியிருக்கும். இரண்டும் பழுதுற்றால், வானோடி தனி விசையை இயக்கி மின்கலத்தைப் பொறியுடன் இணைக்க வேண்டும்.

அம்மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும்? பொறியின் தேவை 12 ஆம்பியர் எனக் கொண்டால், 16 ஆம்பியர்-மணி மின்கலம் ஏட்டுக் கணக்கில் 80 நிமிடம் தரும். மூப்பினால் கொள்ளளவு 60 விழுக்காடாகியிருப்பின் 48 நிமிடமே. பிற கருவிகள் மேலும் 8 ஆம்பியர் இழுத்தால் அது 29 நிமிடமாகச் சுருங்கும். தாம்பரம், கீழ்க்கட்டளை வட்டாரத்து மே மாத வெயிலில் நிற்கும் வானூர்தியின் ஈய-அமில மின்கலம் விரைந்து மூப்படையும் என்பதையும் இங்குக் கருத வேண்டும்.

எனினும், மின்கலத்தின் அளவைவிட இணைப்பு முறையே கூர்ந்து நோக்கத்தக்கது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. இரண்டு எக்கிகளும் ஒரே உருகியையோ ஒரே புவிக்கம்பியையோ பகிர்ந்தால், அந்த ஒன்று அறுந்தாலே இரண்டும் நின்றுவிடும்; வீட்டில் கட்டுவோர் எளிதில் கவனிக்கத் தவறும் இடம் இது. இரண்டு மின்மூலங்களை இணைக்கும் இடத்தில் டையோடு வைத்தால், பழுதுற்றது நல்லதன் மின்சாரத்தை இழுக்காது. ஆனால் டையோடில் குறையும் மின்னழுத்தத்தையும் எழும் வெப்பத்தையும் கணக்கிட்டாக வேண்டும். மாற்று வழியைத் தரையில், பொறி ஓடும்போதே, ஒவ்வொரு மூலத்தையும் தனித்தனியே நிறுத்திச் சோதிப்பதும், மின்கலத்தின் கொள்ளளவை ஆண்டுதோறும் முழுச்சுமையில் அளப்பதும் இன்றியமையாதவை.