அச்சும் ஆட்டமும்

அச்சு என்னுஞ் சொல் தமிழிற் பல பொருள் தருவது. வண்டிச் சில்லைத் தாங்குவதும் அச்சு. உருக்கிய உலோகத்துக்கு உருக் கொடுப்பதும் அச்சு. நெசவாளன் பாவிழைகளை ஒழுங்குறுத்துவதும் அச்சு. நூல் பதிப்பதும் அச்சு. இவை ஒரு வேரிற் பிறந்தனவோ பல வேரிற் பிறந்தனவோ என்பது வேறு ஆராய்ச்சி. தொழில் நோக்கிப் பார்ப்பின் யாவற்றுக்கும் பொதுவான கடமை ஒன்றுண்டு. தன்னைச் சார்ந்த பொருளை இடம் பிறழாது காத்தலே அது.

இக்கடமையை நேர்கோட்டில் ஓடும் பொருளுக்குச் செய்யும் உறுப்பைப் பற்றியே இங்கு எழுதுகின்றேன். அறிஞர் அதனைத் தாங்கி என்பர். பட்டறையார் பேரிங் என்பர். இலக்கணம் கற்பிப்பவனுக்கு இதில் என்ன அலுவல் என்று கேட்கலாம். ஏட்டிலிருந்த தமிழ் புத்தகத்துக்கு வந்ததும், புத்தகத்திலிருந்த தமிழ் இன்று கணினித் திரைக்கு வருவதும் இவ்வுறுப்பின் துணையாலேயே. ஆதலின் இது நம் அலுவலுமாகும்.

வெளியில் தனித்து நிற்கும் திண்பொருள் ஒன்றற்கு ஆறு வகை அசைவுண்டு. முன்பின், இடம்வலம், மேல்கீழ் எனப் பெயர்ச்சி மூன்று. அம்மூன்று திசைகளையும் அச்சாகக் கொண்டு சுழலும் சுழற்சி மூன்று. நேரே ஓடவேண்டிய பொருளுக்கு இவற்றுள் ஒன்றை மாத்திரம் விடுத்து ஏனைய ஐந்தையும் தடுத்தல் வேண்டும். தடுக்கப்படவேண்டிய ஐந்தனுள் ஒன்றிற் சிறிது தளர்வு இருப்பினும் அதனைத் தொழிலாளர் ‘ஆட்டம்’ என்பர். பொருத்தமான சொல், ஓட்டம் வேறு, ஆட்டம் வேறு.

அங்ஙனமாயின் பல இடங்களில் இறுகப் பிடித்தால் ஆட்டம் நீங்காதோ? நீங்காது. முக்காலியையும் நாற்காலியையும் எண்ணிப் பாருங்கள். மேடு பள்ளமான திண்ணையில் முக்காலி ஆடாது நிற்கும், நாற்காலி ஆடும். தேவைக்கு மேற்பட்ட கால் துணையாகாது பகையாகின்றது. மாக்ஸ்வெல், கெல்வின் என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் இவ்வுண்மையைக் கருவியமைப்புக்கு விதியாக்கினர். ஐந்து அசைவைத் தடுக்க ஐந்து தொடுமுனை போதும். ஆப்பு வடிவான பள்ளத்தில் ஈரிடத்து இவ்விரண்டாக நான்கு. பக்கத்திலுள்ள தட்டைப் பாதையில் ஒன்று. இவ்வாறு அமைந்த தட்டு தன் பாரத்தினாலேயே படிந்து, ஆட்டமின்றி ஓடும்.

இதன் அருமை யாழ்ப்பாணத்து அச்சுக்கூடங்கள் நன்கு உணர்ந்தது. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் தொழிற்பட்டது. 1841இல் உதயதாரகை தோன்றியது. 1842இல் மானிப்பாய் அகராதி எனப்படும் யாழ்ப்பாண அகராதி ஏறக்குறைய 58,500 சொற்களோடு வெளிவந்தது. ஆறுமுக நாவலர் 1849இல் தமிழகஞ் சென்று அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். அக்காலத்துக் கையச்சுப் பொறிகளில், கோத்த எழுத்துக்கள் கிடக்கும் தட்டு இரு தண்டவாளங்களின் மேல் உள்ளே ஓடும். மேலிருந்து அழுத்துதட்டு இறங்கும். பின் அது வெளியே மீளும். அழுத்தும் கணத்தில் எழுத்துத் தட்டு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்து இரட்டித்து மை இழுபடும். முதலிற் கெடுவது மெய்ப்புள்ளி. புள்ளி அப்பிப்போனால் ‘மன்’ என்பது ‘மன’ ஆகும். பிழை திருத்துவோன் கண் விழித்துக் காத்த பாடம் ஓர் ஆட்டத்தாற் கெடும்.

எழுத்து வார்க்கும் கருவி இன்னும் நுட்பமானது. கைவார்ப்பு அச்சின் இரு பாதிகள் ஒன்றன்மேலொன்று வழுக்கி, எழுத்தின் அகலத்துக்கேற்ப விரியவும் சுருங்கவும் செய்யும். ‘ர’ ஒடுங்கியது, ‘ஞ’ அகன்றது. அகலம் எவ்வளவு மாறினும், ஆங்கில முறையில் 0.918 அங்குலமாகிய எழுத்துயரம் மாறலாகாது. பாதிகளிடையே இடுக்கு இருந்தால் உருகிய ஈயம் அதனுட் புகுந்து பிசிராகும். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தொட்டு ஈயவெழுத்திற் பதிந்த தமிழெல்லாம் இத்தகைய நுட்பத்தைச் சார்ந்தே நின்றது.

புதிதாகச் செய்தபோது ஆட்டமில்லாதது நாளடைவில் தேயும். ஆகவே நல்ல தாங்கிக்கு இரண்டாவது இலக்கணம், அதனைத் திருத்திக்கொள்ள வழியிருத்தல். நம்மூர்ச் சைக்கிள் கடைக்காரர் சில்லைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பார். ஆடினால் அச்சிலுள்ள கோனைச் சிறிது முடுக்குவார். சுழற்சி தடைப்பட்டால் சிறிது தளர்த்துவார். குண்டுகள் ஆடாமலும் சிறைப்படாமலும் இருக்கும் அந்த எல்லையை அவர் விரல் அறியும்.

நேர் ஓட்டத் தாங்கிகளிலும் இதுவே முறை. கடைசல் இயந்திரத்துச் சறுக்குப் பாதையில், ஒருமுனை சற்றுப் பருத்த மெல்லிய பட்டையை ஆப்புப்போல் வைத்திருப்பர். தேய்வு தோன்றும்போது திருகாணியால் அதனை உள்ளே செலுத்துவர். சில்லுகளில் ஓடும் தட்டாயின், ஒருபக்கத்துச் சில்லுகளின் அச்சுக் குழலில் துளையை நடுவிலன்றி ஓரமாக இடுவர். துளை நடுவிலிருந்து அரை மில்லிமீற்றர் விலகியிருந்தால், குழலை அரைச்சுற்றுத் திருப்ப, சில்லு 1 மில்லிமீற்றர் பாதையை நெருங்கும்.

மிக நுண்ணிய பொறிகளில் எஃகுக் குண்டுகள் வரிசையாக ஓடி, முடிவை அடைந்ததும் வேறொரு வழியால் மீண்டும் முன்னே வரும். கரையில் வள்ளம் ஏற்றுவோர், பின்னே கழிந்த உருட்டுக்கட்டையை எடுத்து முன்னே இடுவதை ஒத்தது இது. இடைவெளியிலும் சில மைக்குரோன் பெரிய குண்டுகளை இட்டு, பாரம் ஏறுமுன்னரே சிறிது நெரித்து வைப்பர். மைக்குரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தொரு பங்கு. நெரிவு குறைந்தால் ஆட்டம். மிகுந்தால் சூடும் தேய்வும்.

இவையெல்லாம் நமக்கு ஏன் வேண்டும்? 1981இல், மே 31 இரவு மூட்டிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. எஞ்சியவற்றை மின்வடிவிற் காக்கும் தொண்டை 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் செய்துவருகின்றது. பழுத்த தாளொன்றைத் தட்டை மின்வருடியில் வைக்கும்போது, கண்ணாடியின் கீழ் ஒளித்தண்டு ஊர்ந்து வரிவரியாகப் படிக்கின்றது. பல வருடிகளில் அது ஒருபுறம் உருண்டைக் கம்பியிலும் மறுபுறம் தட்டைப் பாதையிலும் தாங்கப்படுகின்றது. மேற்சொன்ன விதியின் எளிய வடிவமே இது. அங்குலத்துக்கு 600 புள்ளி என்னும் அளவில் ஒரு வரி ஏறக்குறைய 0.042 மில்லிமீற்றர். அரை மில்லிமீற்றர் அகலமுள்ள மெய்ப்புள்ளி 12 வரிக்குள் அடங்கிவிடும். ஊர்தி சிறிது நடுங்கினாலும் அப்புள்ளி உருத்திரியும். அத்தாள் மறுமுறை வருடுமுன் பொடிந்துபோகவுங் கூடும்.

மாணவர்களுக்கு ஒன்று கூறுவேன். பதிப்பாசிரியரின் பெயரைப் போற்றுகின்றோம், அது தக்கதே. அவர் கண்ட பாடம் சிதையாமல் நம் கையில் வந்ததற்குத் தட்டை ஆட்டமின்றி ஓட்டிய கொல்லனும் ஒரு காரணன். அவன் தொழிலைத் தமிழிற் சொல்லவும் எழுதவும் பழகுங்கள். ஆட்டம், இளக்கம், இறுக்கம், நெரிவு எனச் சொற்கள் ஆயத்தமாக இருக்கின்றன. பட்டறை வாசலிற் சென்று கேட்பதே குறை.