பொப்பி மலரும் பூவரசம்பூவும்

போர்க்களத்திலே மாண்ட வீரனுக்கு நடுகல் நாட்டி வழிபட்ட மரபு தமிழருக்கு உண்டு. ஏனைய நாட்டினரும் தத்தம் முறைப்படி மாண்டாரைப் போற்றியே வந்துள்ளனர். ஆயின், கையோ காலோ இழந்து உயிருடன் மீண்டவனின் நிலை யாது? அவனுக்குக் கல் வேண்டியதில்லை. உணவும் உறைவிடமும் செய்வதற்கு ஒரு தொழிலுமே வேண்டும். மாண்டாரைப் போற்றுதல் எளிது. மீண்டாரைப் பேணுதல் அரிது. அவ்வரிய கடனை முன்னாட் போர்வீரர் தாமே ஒன்றுகூடி ஆற்றியமைக்குப் பிரித்தானியாவின் ‘பிரிட்டிஷ் லீஜன்’ என்னும் சங்கத்தின் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அவ்வரலாறு நம் இலங்கையையும் தொட்டுச் சென்றதாதலின், அதனை அறிதல் நமக்கும் பயனுடைத்து.

முதலாம் உலகப் போர் 1918ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11ஆம் நாள் முற்பகல் 11 மணிக்கு ஓய்ந்தது. பிரித்தானியப் படையினருள் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்போரில் மாண்டனர். மீண்டவரை வரவேற்ற ஆரவாரம் சில நாள்களில் அடங்கியது. 1921ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டில் வேலையற்றோர் தொகை 20 இலட்சத்தைத் தாண்டிற்று. அவர்களுட் பலர் முன்னாட் போர்வீரர். அவர்தம் குறைகளை எடுத்துரைக்கச் சங்கங்கள் பல இருந்தன எனினும், அவை அரசியற் கொள்கையாலும் பதவி வேறுபாட்டாலும் பிரிந்து நின்றன. அவற்றுள் நான்கு சங்கங்கள் 1921ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் ஒன்றாயின. அவ்வாறு பிறந்ததே பிரிட்டிஷ் லீஜன். படைத்தலைவராயிருந்த ஹேய்க் பிரபு அதன் தலைவரானார். சாதாரணப் படையாளாகப் பணிபுரிந்த தோமஸ் லிஸ்ரர் அதன் நிருவாகத்துக்குத் தலைமை தாங்கினார். போர்க்களத்தில் ஆணையிட்டவரும் ஆணைக்குப் பணிந்தவரும் ஒரே சபையில் அமர்ந்தமை கருதத்தக்கது.

சங்கம் அமைந்தது, பொருளுக்கு வழி யாது? வழிகாட்டியது ஒரு மலர். பொப்பி என்பது கசகசாச் செடியின் இனத்தைச் சேர்ந்தது. குண்டுகளாற் கிளறப்பட்ட பிளாண்டர்ஸ் நிலத்திலே அதன் செந்நிற மலர்கள் மிகுதியாகப் பூத்தன. கனடிய இராணுவ மருத்துவராகிய ஜோன் மக்றே 1915ஆம் ஆண்டிலே அக்காட்சியைக் கவிதையாக்கினார். அதனைப் படித்த மொயினா மைக்கேல் என்ற அமெரிக்க ஆசிரியை, 1918ஆம் ஆண்டிலே அம்மலரை நினைவுச் சின்னமாக அணியத் தொடங்கினார். அன்னா கெரென் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, துணியாற் செய்த பொப்பி மலர்களை விற்று நிதி திரட்டும் முறையைப் பரப்பி, 1921ஆம் ஆண்டிலே இலண்டனில் லீஜன் சங்கத்தாருக்கும் அதனை அறிமுகஞ் செய்தார். அவ்வாண்டு நவம்பரில் சுமார் 90 இலட்சம் மலர்கள் விற்பனையாயின. 1,06,000 பவுணுக்கு மேற்பட்ட பணம் சேர்ந்தது.

சேர்ந்த பணத்தைப் பங்கிட்டுக் கொடுத்தலோடு பணி முடிந்திருப்பின், அது சாதாரணத் தருமமாகவே அமைந்திருக்கும். மேஜர் ஜோர்ஜ் ஹவ்சன் என்பார், மலரை விற்பதோடு நில்லாது, உறுப்பிழந்த வீரரைக் கொண்டே அதனைச் செய்விக்க எண்ணினார். இது பெருவெற்றி பெறுமெனத் தாம் கருதவில்லை எனினும் முயன்று பார்க்கத்தக்கது எனத் தம் பெற்றோருக்கு எழுதிவிட்டு, 1922ஆம் ஆண்டிலே இலண்டனில் ஐந்து பேருடன் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கினார். ஒரு கையை இழந்தவரும் எஞ்சிய கையாற் பொருத்தக்கூடியவாறு மலரின் அமைப்பு எளிதாக்கப்பட்டது. தொழில் வளரவே, 1926ஆம் ஆண்டிலே தொழிற்சாலை றிச்மண்டுக்கு மாற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே ஹேய்க் பிரபுவின் மனைவியார் எடின்பரோவிலும் ஒரு தொழிற்சாலையை நிறுவினார். கென்ற் மாகாணத்துப் பிறெஸ்ரன் ஹோல் என்னுமிடத்தில் சயரோகத்தால் நலிந்த போர்வீரருக்கென அமைந்திருந்த குடியிருப்பை 1925ஆம் ஆண்டிலே லீஜன் பொறுப்பேற்றது. நோயாளர் அங்கே மருத்துவம் பெற்றதோடு, குடும்பத்துடன் வாழ்ந்து, வலுவுக்கேற்ற தொழிலுஞ் செய்தனர். பிறர் கையை எதிர்நோக்கியிருந்தவன் தன் உழைப்பால் உண்ணும் நிலையை எய்தினான்.

சங்கத்தின் மற்றொரு பணி உபகாரச் சம்பளம் பற்றியது. போரில் ஊனமுற்றவர் ஏழாண்டுக்குள் தம் கோரிக்கையைச் சமர்ப்பித்தல் வேண்டும் எனச் சட்டம் விதித்திருந்தது. உள்ளே மறைந்திருந்து காலங்கடந்து வெளிப்படும் நோய்க்கு அவ்வெல்லை தெரியுமா? இக்கட்டுப்பாட்டை எதிர்த்து லீஜன் வாதாடியது. மனு எழுத அறியாதார்க்கு எழுதிக் கொடுத்தது. விசாரணைச் சபைகளின் முன் அவர் சார்பிற் பேசியது. இரக்கத்தாற் கொடுப்பது ஒன்று; உரியதைப் பெற்றுக் கொடுப்பது பிறிதொன்று. இரண்டாவதையும் தன் கடமையெனக் கொண்டமையே இச்சங்கத்தின் சிறப்பாகும்.

எனினும், இச்சிறப்புக்கும் ஓர் எல்லை இருந்தது. அவ்வெல்லையைக் காட்டியது இலங்கை. பிரித்தானியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலும் நவம்பர் 11இல் பொப்பி மலர் விற்கப்பட்டது. இலங்கையிலிருந்தும் போருக்குச் சென்றோர் உளர். ஆனால் இங்கே திரண்ட பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே செல்கின்றது என்ற குறை எழுந்தது. ஆதலின், முன்னாட் போர்வீரராகிய ஏலியன் பெரேரா என்பார், வறுமையுற்ற இலங்கைப் போர்வீரருக்கு உதவும் பொருட்டு, 1931ஆம் ஆண்டிலே அதே நாளில் சூரிய மலர் விற்பனையைத் தொடக்கினார். சிங்களத்திலே ‘சூரிய’ எனப்படும் அம்மலர் நம் வேலியோரங்களிற் பூக்கும் பூவரசம்பூவே.

1933ஆம் ஆண்டிலே, இங்கு ஆசிரியையாயிருந்த டொறீன் யங் என்னும் ஆங்கிலப் பெண்மணி ‘பூக்களின் போர்’ என்னும் பொருள்படும் தலைப்பிலே பத்திரிகைக் கட்டுரையொன்று எழுதினார். சொந்த நாட்டு வீரர் வாட, இலங்கைப் பிள்ளைகள் பிரித்தானிய வீரருக்காகப் பொப்பி வாங்குவதன் பொருந்தாமையை அது எடுத்துக்காட்டிற்று. இளைஞர் சங்கத்தார் அவ்வியக்கத்தைக் கையேற்றபின், அது பேரரசு எதிர்ப்பியக்கமாகவும் வளர்ந்தது. 1934–35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் பல்லாயிரம் உயிர்களைக் கவர்ந்த காலத்தில், அவ்வியக்கத்தார் கிராமங்களுக்குச் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். அவ்வாறு தொண்டாற்றியவருட் சிலர் 1935ஆம் ஆண்டு டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தனர்.

வள்ளுவர் ‘ஒப்புரவறிதல்’ என ஓரதிகாரமும் ‘ஈகை’ எனப் பிறிதோரதிகாரமும் வகுத்தார். ஈகை இல்லாதவனுக்குக் கொடுத்தல். ஒப்புரவு தன்னோடொத்து வாழ்வாரை அறிந்து அவர்க்குப் பயன்படுதல். உடன் துன்புற்றாரை உடன் துன்புற்றாரே தாங்கிய லீஜனின் பணி ஒப்புரவின்பாற் படும். ஆயின், கடல்கடந்த நாட்டு வீரனும் அவ்வாறு உடன் துன்புற்றவனே. அவனுக்குரிய பங்கு மறக்கப்பட்ட இடத்திலேதான் பொப்பிக்கு எதிராகப் பூவரசம்பூ மலர்ந்தது.

பிரிட்டிஷ் லீஜன் 1971ஆம் ஆண்டிலே ‘றோயல்’ என்ற அடைமொழி பெற்று, இன்றும் பணிபுரிந்து வருகின்றது. 2023ஆம் ஆண்டிலே பிளாஸ்ரிக் கலவாத கடதாசி மலரை வெளியிட்டது. நம் மாணவரும் கொடி தினங்களிலே உண்டியல் ஏந்திச் செல்கின்றனர். சேரும் பணம் யாரைச் சென்றடைகின்றது? பெறுவோன் அதனால் தன் காலில் நிற்பானா? அவனுக்கு உரிமையாக வரவேண்டியது எதனையும் நாம் பிச்சையாக இடுகின்றோமா? இம்மூன்று வினாக்களையும் உண்டியலைக் கையில் எடுக்குமுன் கேட்டல் நன்று. அங்ஙனம் கேட்டல் தருமத்துக்குத் தடையன்று. அதுவே தருமத்தின் தொடக்கம்.